மலையின் வெளிச்சமும் கேமராவின் வெளிச்சமும்

மதுக்கரை தர்மலிங்கேஸ்வரர் மலை ஏறி, மாலை நாலரை மணி வாக்கில் சுற்றிலும் ஒருமுறை பார்த்தால் கொங்கு நாட்டின் மேற்கு வாசல் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். மேற்கே வெயில் சாயும் வாளையாற்று மலைகள். தென்மேற்கே எட்டிமடையைத் தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொள்ளும் இடம். கீழே சிமென்ட் ஆலை, சாலை, ரயில் பாதை, தென்னந்தோப்புகள். வடகிழக்கே வெகுதூரத்துக்குப் பரந்து கிடக்கும் கோயம்புத்தூர். கண்ணுக்கு இது ஒரே காட்சி, ஒரே வானம்.

இதை எட்டுப் படங்களாக எடுத்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் பாருங்கள். எட்டு வானம் தெரியும். ஒன்று பால்போல வெளுத்திருக்கும், அடுத்தது கருநீலம், அதற்கடுத்தது சாம்பல். மலை முகடும் சாலையும் தென்னை மரமும் அச்சுப் பிசகாமல் பொருந்தியிருக்கும். ஆனாலும் ஒவ்வொரு இணைப்பிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. ஒரே சாயம், ஒரே நூல்தான். ஆனால் சாயப்பட்டறையிலிருந்து வந்த இரண்டு லாட்டுத் துணியை ஒரே சட்டையில் சேர்த்துத் தைத்தால் கை ஒரு ஷேடு, முதுகு ஒரு ஷேடு என்று பல்லை இளிக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டு துணியிலும் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது.

படங்களிலும் அதேதான். ஆட்டோவில் இருக்கும் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைப் புதிதாக அளக்கிறது. எதிரே இருப்பது எதுவானாலும் அதன் சராசரியை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். மேற்கே திருப்பினால் சூரியனும் ஒளிரும் வானமும் சட்டத்தை நிறைக்கும். உடனே ஷட்டரை வேகப்படுத்தி, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறக்கும். வடக்கே திரும்பினால் ஐந்நூறில் ஒரு பங்கு. கிழக்கே நிழல் விழுந்த சரிவும் தோப்பும் அதிகமென்றால் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. ஷட்டர் நேரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியையும் படம் எடுப்பவர்கள் ஒரு ஸ்டாப் என்பார்கள். மேற்கிலிருந்து கிழக்குக்குத் திரும்புவதற்குள் கேமரா இரண்டு ஸ்டாப் நகர்ந்துவிட்டது. அதாவது கிழக்குப் படத்துக்குள் நான்கு மடங்கு கூடுதல் நேரம் ஒளி விழுந்திருக்கிறது. பிரகாசமான திசை அமுங்கிவிட்டது, மங்கலான திசை எடுப்பாகிவிட்டது. ஒவ்வொரு படமும் தன்னளவில் நல்ல படம். ஆனால் எட்டும் எட்டு அளவுகோலால் அளக்கப்பட்டவை.

அப்படியானால் எட்டுப் படங்களின் சராசரி வெளிச்சத்தையும் ஒன்றாக்கிவிட்டால் தீர்ந்ததல்லவா? இல்லை. அது இன்னும் பெரிய தப்பு. மாலை நேரத்தில் மேற்கு வானம் உண்மையிலேயே பிரகாசமானது. கிழக்கு உண்மையிலேயே மங்கலானது. அந்த வேறுபாடுதான் அந்தக் காட்சிக்கு மாலை என்று பெயர் வாங்கித் தருகிறது. எல்லாப் படங்களையும் ஒரே சராசரிக்கு இழுத்தால் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத, நேரமும் திசையும் இல்லாத ஒரு படம் கிடைக்கும். கேமரா புகுத்திய வேறுபாட்டை நீக்க வேண்டும். மலைக்கும் வானத்துக்கும் சொந்தமான வேறுபாட்டில் கை வைக்கக் கூடாது. இரண்டுமே படத்தில் வெறும் எண்களாகக் கலந்து கிடக்கும்போது எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது?

விடை, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்த ஓரத்தில் இருக்கிறது. மேற்குப் படத்தின் வலது ஓரத்திலும் அடுத்த படத்தின் இடது ஓரத்திலும் அதே சுவர், அதே தென்னை, அதே பாறை இருக்கும். இரண்டு படங்களுக்கும் நடுவே கடந்தது இரண்டு விநாடி. அதற்குள் சுவரின் வெளிச்சம் மாறியிருக்க முடியாது. ஆகவே அந்தச் சுவர் இரண்டு படங்களிலும் இரண்டு விதமாகத் தெரிந்தால், அந்த வித்தியாசம் முழுக்க முழுக்கக் கேமராவின் வேலை. சூரியனுக்கும் மலைக்கும் அதில் பங்கில்லை. பனோரமா எடுக்கும்போது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படியட்டும் என்று சொல்வது உருவங்களைப் பொருத்துவதற்காக மட்டுமில்லை, இந்தச் சாட்சியத்துக்காகவும்தான். பனோரமா நுட்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு பொருளை இருமுறை பார்த்ததை வைத்தே, பார்க்கும் கருவியின் பிழையைத் தனியே உரித்து எடுத்துவிட முடிகிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிய ஒருவரின் கைவேலை இன்றைக்கும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் ட்ரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1858-இல் மதுரை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் படங்களையும், அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டைப் படங்களையும் தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றில் என்னை அசர வைப்பது தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை அவர் பதிவு செய்த விதம். 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். ஒரு இடத்தில் நின்று கேமராவைச் சுழற்றி எடுக்கக்கூடிய காட்சி அல்ல அது; சுவரோடு சுவராக நகர்ந்தாக வேண்டும். நகர்வதற்குள் வெயில் நகரும். கல்லில் வெட்டிய எழுத்து கண்ணுக்குத் தெரிவதே பக்கவாட்டில் விழும் நிழலால்தான் என்பதால், வெயில் நகர்ந்தால் எழுத்தின் முகமே மாறும்.

அன்றைக்கு ஒளியை அளக்கும் மீட்டர் கிடையாது. அனுபவத்தைக் கொண்டு மூடியைத் திறந்து மூடுவதுதான் எக்ஸ்போஷர். நெகட்டிவை ரசாயனம் தடவிய காகிதத்தோடு அழுத்தி வெயிலில் வைத்துத்தான் பிரின்ட் போட்டார்கள். காகிதம் கண்முன்னே மெல்ல மெல்லக் கருக்கும். இரண்டையும் அழுத்திப் பிடித்திருக்கும் சட்டத்தின் முதுகுப் பலகையில் பாதியைத் திறந்து, எவ்வளவு கருத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். ஒளி அதிகம் வாங்கிய நெகட்டிவையும் குறைவாக வாங்கிய நெகட்டிவையும் ஒரே ஷேடுக்குக் கொண்டுவர, முன்னதை வெயிலில் கூடுதல் நேரம் வைத்து, பின்னதைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். இன்றைக்குக் கணினி போடும் பெருக்கல் கணக்கின் வேலையை அன்று செய்தது வெயிலும் பொறுமையும். இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தக் காலத்து ரசாயனங்கள் நீல ஒளிக்கு மட்டும் மிகையாக வினைபுரிந்ததால், கட்டடத்துக்குச் சரியாக எடுத்த படத்தில் வானம் ஒன்றுமில்லாத வெளுப்பாகிவிடும். ட்ரைப் தம் நெகட்டிவ்கள் பலவற்றின்மேல் கையாலேயே மேகம் தீட்டி அந்த வெறுமையை நிரப்பினார்.

இப்போது அந்தப் பெருக்கல் கணக்கைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். மதுக்கரைப் படங்களில் இரண்டு ஓரங்களுக்கும் பொதுவாக ஒரு வெள்ளையடித்த சுவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலின் வெளிச்சத்தைக் கணினி பூஜ்ஜியத்திலிருந்து 255 வரை ஓர் எண்ணாக வைத்திருக்கும். மேற்குப் படத்தில் அந்தச் சுவர் 136, பக்கத்துப் படத்தில் 186. வித்தியாசம் 50. மேற்குப் படம் முழுவதற்கும் 50 கூட்டிவிடலாமா? கூட்டினால் சுவர் பொருந்திவிடும். ஆனால் பக்கத்திலேயே தென்னையடி நிழல் ஒன்று 30 என்ற எண்ணில் இருந்தால், அது 80 ஆகிப் புகை படிந்ததுபோல வெளுத்துவிடும். ஷட்டர் இரண்டு மடங்கு நேரம் திறந்திருந்தால் உள்ளே வரும் ஒளியும் எல்லா இடத்திலும் இரண்டு மடங்கு. நிறைய இருந்த இடத்தில் நிறையக் கூடும், கொஞ்சம் இருந்த இடத்தில் கொஞ்சம் கூடும். ஆகவே கூட்டல் உதவாது, பெருக்கல்தான் வேண்டும்.

136-ஐ எதனால் பெருக்கினால் 186 வரும்? ஏறக்குறைய 1.37. ஒளி இரட்டிப்பானதென்றால் எண் ஏன் இரட்டிப்பாகவில்லை? படக் கோப்பில் இருக்கும் எண், ஒளியின் நேரடி அளவு அல்ல என்பதே காரணம். நம் கண் இருட்டில் சின்ன வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கும், பிரகாசத்தில் பெரிய வித்தியாசத்தையும் விட்டுவிடும். அதற்கு ஏற்றபடி எண்களை ஒரு வளைகோட்டின் வழியே வளைத்துத்தான் சேமிக்கிறார்கள். முழு வெளிச்சம் 255 என்றால் அதில் சரிபாதி ஒளிக்கு 127 அல்ல, 186 வரும். கால்பங்கு ஒளிக்கு 136. நம் சுவர் ஒரு படத்தில் பாதி ஒளி, மற்றதில் கால் ஒளி. சரியாக ஒரு ஸ்டாப். தென்னையடி நிழலை 1.37-ஆல் பெருக்கினால் 41; நிழல் நிழலாகவே இருக்கும்.

உண்மையான கேமராக்களில் இந்த வளைகோடு இவ்வளவு ஒழுங்காகவும் இருக்காது. படம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்கு அதை வளைக்கும். பெர்க்லியில் பால் டெபெவெக்கும், ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த ஜிதேந்திர மாலிக்கும் 1997-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: ஒரே காட்சியை வெவ்வேறு ஷட்டர் நேரத்தில் எடுத்த படங்கள் சில போதும், கேமராவின் வளைகோட்டை அந்தப் படங்களிலிருந்தே மீட்டுவிடலாம். கேமரா கம்பெனி வாய் திறக்க வேண்டியதில்லை. ரா கோப்பாக எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அதில் எண்கள் ஒளிக்கு ஏறக்குறைய நேர் விகிதத்திலேயே இருக்கும்.

சாட்சிகளில் பொய்ச் சாட்சிகளும் உண்டு. சூரியனுக்கு அருகே வானம் இரண்டு படங்களிலும் 255 என்றிருந்தால், வித்தியாசமே இல்லை என்று அது சொல்லும். உண்மையில் அங்கே கேமராவின் உணரி நிரம்பி வழிந்துவிட்டது. அதற்குமேல் எவ்வளவு ஒளி வந்தது என்ற கணக்கே அங்கு இல்லை. அடர்ந்த இருட்டில் இருக்கும் பிக்சல்களோ இரைச்சலில் எண்களைத் தப்பும் தவறுமாகச் சொல்லும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, நடுத்தர வெளிச்சத்தில் இருப்பவற்றைத்தான் கேட்க வேண்டும்.

எட்டுப் படங்களையும் இப்படி இரண்டிரண்டாகப் பொருத்திக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு இணைப்பிலும் நூற்றுக்கு இரண்டு பங்கு பிழை, அதுவும் ஒரே பக்கமாக நேர்ந்தால், எட்டாவது இணைப்பில் முதல் படத்தோடு வந்து சேரும்போது ஏறக்குறைய 17 பங்கு விலகியிருக்கும். முழுச் சுற்றுப் படத்தில் கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது முதல் படம்தான். அங்கே ஒரு பெரிய கோடு விழும். எனவே ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல், எல்லா இணைப்புகளின் பிழையும் சேர்ந்து மிகக் குறைவாக வரும்படி எட்டுப் பெருக்கெண்களையும் ஒரே மூச்சில் கண்டுபிடிக்க வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் இதை 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக எழுதினார்கள். அந்தக் கணக்கில் ஓர் அழகான பொறி இருக்கிறது. இணைப்புகளில் வித்தியாசம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று மட்டும் கணினியிடம் சொன்னால், அது எல்லாப் படங்களையும் பூஜ்ஜியத்தால் பெருக்கிவிடும். எட்டுப் படமும் கன்னங்கரேலென்று ஆகிவிடும். எந்த இணைப்பிலும் துளி வித்தியாசம் இராது. கேட்டதை அப்படியே தந்திருக்கிறது, தப்புச் சொல்ல முடியாது. ஆகவே இன்னொரு நிபந்தனையும் சேர்த்தார்கள்: ஒவ்வொரு பெருக்கெண்ணும் கூடியமட்டும் ஒன்றை ஒட்டியே இருக்கட்டும், விலகினால் அதற்கு ஒரு விலை. படங்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவும் வேண்டும், எடுத்த நிலையை விட்டு வெகுதூரம் போகவும் கூடாது. இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவே விடை வந்து நிற்கும்.

இதே டேவிட் லோவ் அதற்கு முன் 1999-இல் செய்த வேலை இல்லாமல் இதெல்லாம் தொடங்கவே முடியாது. வெளிச்சத்தை ஒப்பிட வேண்டுமானால், இந்தப் படத்தின் எந்தப் புள்ளி அந்தப் படத்தின் எந்தப் புள்ளி என்று முதலில் தெரிய வேண்டும். ஆனால் வெளிச்சமே வேறாக இருக்கும்போது அதே புள்ளி என்று எப்படி அடையாளம் காண்பது? அவர் முறை புள்ளியின் பிரகாசத்தைப் பார்ப்பதில்லை. அதைச் சுற்றி வெளிச்சம் எந்தத் திசையில் ஏறுகிறது, எந்தத் திசையில் இறங்குகிறது என்ற வடிவத்தைப் பார்க்கிறது. படம் முழுக்க இரண்டு மடங்கு பிரகாசமானாலும் அந்த ஏற்ற இறக்கத்தின் வடிவம் மாறாது.

பெருக்கெண் சரியானபின்பும் வானத்தில் அலை அலையாக ஒரு மங்கல் எஞ்சும். லென்சின் குற்றம் அது. எந்த லென்சும் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும்தான் படம் தரும். எளிய லென்சு ஒன்றுக்கு இயற்பியல் சொல்லும் கணக்குப்படி, மையத்திலிருந்து 30 பாகை விலகிய இடத்தில் விழுவது மையத்து ஒளியில் 56 விழுக்காடுதான். கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் குறைவு. நாம் சாட்சி கேட்கும் இடமோ ஓரம்! மேற்குப் படத்தில் விளிம்பிலேயே இருக்கும் தென்னை, பக்கத்துப் படத்தில் சற்று உள்ளே தள்ளி இருக்கும். அதனால் அங்கே பிரகாசமாகத் தெரியும். இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் லென்சின் பிழையை ஷட்டர்மேல் ஏற்றிவிடுவோம். காசில்லாமல் கிடைக்கும் ஹியூகின் மென்பொருள் எக்ஸ்போஷர், லென்சின் ஓர மங்கல், கேமராவின் வளைகோடு, வொயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்தே தேடுகிறது.

இத்தனைக்கும் பிறகு நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசம் மிஞ்சினாலும் வானத்தில் கோடு தெரியும். நம் கண் அப்படிப்பட்டது. 1865 வாக்கிலேயே எர்ன்ஸ்ட் மாக் இதைக் கவனித்து எழுதினார்: இரண்டு சாம்பல் நிறங்கள் ஒட்டும் எல்லையில், வெளிர் பக்கம் இன்னும் வெளிராகவும் கருத்த பக்கம் இன்னும் கருப்பாகவும் கண்ணுக்குப் படும். திடீர் மாற்றத்தைக் கண் மிகைப்படுத்தும். மெல்ல மெல்ல நிகழும் மாற்றத்தைக் கண்டுகொள்ளாது. இதில் ஒரு வழி ஒளிந்திருக்கிறது. மிஞ்சிய வித்தியாசத்தை அகலமாகப் பரப்பிவிட்டால் கண்ணுக்கு அது இல்லாததாகிவிடும். ஆனால் அகலமாகக் கலந்தால் தென்னை ஓலையும் மின்கம்பியும் இரட்டை இரட்டையாக ஆவிபோலத் தெரியும். 1983-இல் பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் ஏடல்சனும் இதைத் தீர்த்தார்கள். படத்தைப் பெரிய மங்கலான ஏற்ற இறக்கங்கள், நடுத்தர உருவங்கள், நுண்ணிய கோடுகள் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, வானத்தின் பெரிய ஏற்ற இறக்கத்தை அகலமான பட்டையிலும் ஓலை நுனியை மிகக் குறுகிய பட்டையிலும் கலந்து, பிறகு எல்லா அடுக்கையும் மறுபடி கூட்டினார்கள். இன்றைக்கும் பல பனோரமா மென்பொருள்களின் கடைசிப் படி இதுதான்.

மலைமேல் நிற்பவர் இத்தனையையும் சுமக்க வேண்டியதில்லை. கேமராவை மேனுவலில் வைத்து, படத்தில் விவரம் தெரிந்தே ஆகவேண்டிய பிரகாசமான திசைக்கு எக்ஸ்போஷரைப் பொருத்தி, ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, வொயிட் பேலன்ஸ் நான்கையும் அப்படியே பூட்டிவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. பல செல்போன்களின் பனோரமா முறை, தொடங்கும் இடத்து எக்ஸ்போஷரையே கடைசிவரை வைத்துக்கொள்ளும். கிழக்கிலிருந்து தொடங்கினால் மேற்கு வெளுத்துப்போகும். மேற்கிலிருந்து தொடங்குங்கள், கிழக்கு கொஞ்சம் கருத்தாலும் நிழலுக்குள் இருப்பதைப் பிறகு மீட்கலாம், வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியாது. போலரைசர் கண்ணாடியைக் கழற்றிவிடுவது நல்லது. சூரியனுக்குச் செங்குத்தான திசையில் மட்டும் அது வானத்தைக் கருக்கும். அகலப் படத்தில் அது ஒரு கரும்பட்டையாக நிற்கும்.

ஆனி, ஆடியில் வந்தால் வேறு கதை. கணவாய் வழியாகக் காற்று மேகங்களைத் துரத்திக்கொண்டு வரும். முதல் படத்தில் வெயிலில் இருந்த சுவர், அடுத்த படத்தை எடுப்பதற்குள் மேக நிழலுக்குப் போய்விடும். சுவர் மாறவில்லை, கேமராதான் மாறியது என்ற அடிப்படையே அப்போது சரிந்துவிடும். மென்பொருள் மேகத்தின் வேலையைக் கேமராவின் வேலை என்று எண்ணி, படம் முழுவதையும் தப்பாகத் திருத்தும். வேகமாக எடுப்பது ஒன்றே வழி. அல்லது பொதுவான ஓரத்தில் நிழல் படாத துண்டுகளை மட்டும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, இணைப்புக் கோட்டை மேக நிழலின் விளிம்போடு வளைத்துக் கொண்டுபோக வேண்டும்.

செயற்கைக்கோள் படங்களை ஒட்டுபவர்களுக்கு இது அன்றாடப் பாடு. 2009-இல் இஸ்ரோ தொடங்கிய புவன் போன்ற வரைபடங்களில் ஒரு மாநிலம் முழுவதும் ஒரே படமாகத் தெரிய, வெவ்வேறு நாளில் எடுத்த பட்டைகளைச் சேர்க்க வேண்டும். சூரியன் எந்த உயரத்தில் இருந்தது என்பதைக் கணக்கிட்டுத் திருத்தலாம். காற்றில் இருந்த மாசையும் ஓரளவு கழிக்கலாம். ஆனால் ஒரு பட்டை மழை முடிந்த கார்த்திகையிலும் பக்கத்துப் பட்டை காய்ந்த பங்குனியிலும் எடுத்ததென்றால், மதுக்கரைக் காட்டில் பாதி பச்சை, பாதி பழுப்பு. அந்த வேறுபாடு காட்டுக்குச் சொந்தமானது. அங்கே எந்தப் பெருக்கெண்ணும் உதவாது. இரண்டு பட்டைக்கும் ஒரே பருவத்துப் படத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.